பூட்ஸ் கால்களை வெறுங்காலால் தடுத்தவர்: கோஷ்டா பாலை எந்த அளவுகோலால் அளப்பது?

கொல்கத்தா: எந்தக் காலத்து வீரர் மிகச் சிறந்தவர் என்ற விவாதம் எந்த விளையாட்டிலும் முடிவுக்கு வந்ததில்லை. கூடைப்பந்தாட்ட ரசிகர்கள் வில்ட் சேம்பர்லினையும் மைக்கேல் ஜோர்டானையும் ஒப்பிடுகின்றனர். அதுபோல, கொல்கத்தாவின் கால்பந்து ரசிகர்கள் வெறுங்காலுடன் ஆடிய வீரர்களையும் பூட்ஸ் அணிந்து ஆடிய வீரர்களையும் தலைமுறை தலைமுறையாக ஒப்பிட்டு வருகின்றனர். அந்த விவாதத்தில் முன்வரிசையில் வைத்துப் பேசப்படும் பெயர் கோஷ்டா பால்.

மோகன் பகான் அணியின் பின்களத்தில் சுமார் 22 ஆண்டுகள் ஆடியவர் அவர். அந்த ஆண்டுகளில் அவரது அணி கல்கத்தா லீக் பட்டத்தையும் வெல்லவில்லை, ஐ.எஃப்.ஏ. ஷீல்டையும் வெல்லவில்லை. ஆயினும், இந்தியக் கால்பந்து வீரர்களில் முதன்முதலில் பத்மஸ்ரீ விருது பெற்றவர் அவரே. வென்ற கோப்பைகளின் எண்ணிக்கைக்கும் பெற்ற மதிப்புக்கும் இடையே இவ்வளவு பெரிய இடைவெளி எவ்வாறு ஏற்பட்டது என்ற கேள்விக்கு, அவர் ஆடிய காலத்தின் விதிகளும் மைதானங்களும் எதிரணிகளுமே விடை தருகின்றன.

அந்த எதிரணிகளில் முதன்மையானது கல்கத்தா கால்பந்து கழகம். அதன் இன்றைய முகவரி தெற்குக் கொல்கத்தாவின் பாலிகஞ்ச். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் லேக் மார்க்கெட் பகுதியிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத குருசதய் தத்தா சாலையில், கல்கத்தா கிரிக்கெட் மற்றும் கால்பந்து கழகத்தின் மைதானம் அமைந்துள்ளது. 1792-ஆம் ஆண்டிலேயே இயங்கிவந்த கல்கத்தா கிரிக்கெட் கழகம், 1950-இல் ஈடன் தோட்டத்தை விட்டு பாலிகஞ்ச் கிரிக்கெட் கழகத்துடன் இணைந்து இங்கு வந்தது. 1965-இல் கல்கத்தா கால்பந்து கழகமும் அதனுடன் இணைந்தது.

1872-இல் தொடங்கப்பட்ட அந்தக் கால்பந்து கழகம், ஆங்கிலேய ஆட்சிக் காலத்தில் ஐரோப்பியர்களின் கழகமாக விளங்கியது. தொடக்கத்தில் ரக்பி ஆடிய அதன் உறுப்பினர்கள், பின்னர் கால்பந்துக்கு மாறினர். நகரின் லீக் பட்டத்தையும் ஷீல்டையும் பலமுறை வென்ற அணி அது. பூட்ஸ் அணிந்த அந்த அணியை வெறுங்காலுடன் எதிர்கொண்டவர்களின் கதையில்தான் கோஷ்டா பாலின் வாழ்க்கை அடங்கியுள்ளது.

கிழக்கு வங்காளத்திலிருந்து குமார்துலிக்கு

கோஷ்டா பால் 1896-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20-ஆம் தேதி, அன்றைய ஃபரித்பூர் மாவட்டத்தின் போஜேஷ்வர் கிராமத்தில் பிறந்தார். அந்தக் கிராமம் இன்று வங்கதேசத்தின் ஷரியத்பூர் மாவட்டத்தில் உள்ளது. சிறுவயதிலேயே கல்கத்தாவுக்கு வந்த அவர், களிமண் சிலைகள் செய்யும் கைவினைஞர்களின் குடியிருப்பாகப் புகழ்பெற்ற குமார்துலி பகுதியில் வளர்ந்தார். அங்குள்ள பூங்காவில்தான் அவரது கால்பந்து தொடங்கியது.

அவர் சிறுவனாக இருந்த காலத்தில், வங்காளத்தின் கால்பந்து வரலாற்றையே மாற்றிய நிகழ்வு நடந்தது. 1911-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் தேதி நடைபெற்ற ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில், கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவு அணியை மோகன் பகான் 2-1 என்ற கோல் கணக்கில் வீழ்த்தியது. ஷிப்தாஸ் பாதுரி தலைமையிலான அந்த அணியில் பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலுடன் ஆடினர். பின்கள ஆட்டக்காரர்களில் ஒருவரான சுதிர் சட்டர்ஜி மட்டுமே பூட்ஸ் அணிந்திருந்தார்.

வெற்றி பெற்ற அந்த அணியில் சுமார் இரண்டு ஆண்டுகளில், பதினாறு பதினேழு வயதில், கோஷ்டா பால் இடம்பிடித்தார். விரைவிலேயே பின்களம் அவரது நிரந்தர இடமாயிற்று. 1911-இல் ஒருவராவது பூட்ஸ் அணிந்து காத்த பின்களத்தை, அவர் வெறுங்காலுடன் காக்க வேண்டியிருந்தது.

சமமற்ற களம்

அவர் அணியில் சேர்ந்த ஆண்டுகளில், கல்கத்தா லீக் போட்டியின் கதவு இந்திய அணிகளுக்குத் திறக்கப்படவே இல்லை. 1898-இல் தொடங்கிய அந்த லீக்கில் ஐரோப்பியர்களின் கழகங்களும் ராணுவப் படைப்பிரிவுகளின் அணிகளும் மட்டுமே ஆடிவந்தன. 1914-இல்தான் மோகன் பகான் இரண்டாம் பிரிவில் அனுமதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 1915-இல், முதல் பிரிவுக்கு உயர்ந்தது. அப்போதும் முதல் பிரிவில் இரண்டு இந்திய அணிகளுக்கு மேல் இடமில்லை என்ற கட்டுப்பாடு நீடித்தது.

இதன் பொருள் எளிது. ஒரு பருவத்தில் மோகன் பகான் சந்தித்த எதிரணிகளில் பெரும்பாலானவை பூட்ஸ் அணிந்த ஐரோப்பிய அணிகள். அவற்றில் பலவும் ராணுவ அணிகள். உடற்பயிற்சியே அன்றாடக் கடமையாகக் கொண்ட வீரர்களால் ஆனவை. எதிரில் நின்ற இந்தியர்களோ அலுவலகங்களிலும் கடைகளிலும் கல்லூரிகளிலும் இருந்து மாலையில் மைதானத்துக்கு வந்தவர்கள். நடுவர்களும், போட்டிகளை நிர்வகித்த சங்கத்தின் பொறுப்பாளர்களும் பெரும்பாலும் ஐரோப்பியர்களே.

உடலோடு உடல் மோதிய ஆட்டம்

இன்றைய கால்பந்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தக் காலத்து ஆட்டம் வேறொரு விளையாட்டாகவே தோன்றும். தோளால் இடித்துப் பந்தைப் பறிப்பது விதிகளுக்கு உட்பட்டது. பந்தைக் கையில் வைத்திருக்கும் கோல்கீப்பரைக்கூட தோளால் மோத அனுமதி இருந்தது. மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் 1970-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில்தான் அறிமுகமாயின. கணுக்காலுக்கு மேல் அணியும் தடுப்புப் பட்டையைக் கால்பந்து விதிகள் கட்டாயமாக்கியது 1990-இல். காயமடைந்தவருக்குப் பதிலாக இன்னொருவரை இறக்கும் வசதியும் அப்போது இல்லை. காயத்துடன் ஆட வேண்டும்; இல்லையெனில் அணி பத்துப் பேருடன் ஆட வேண்டும்.

பந்தும் வேறு. தடித்த தோலால் தைக்கப்பட்டு, உள்ளே காற்றுப்பை வைத்து, வாய்ப்பகுதியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிய பந்து அது. மழை பெய்தால் தோல் நீரை உறிஞ்சி எடை கூடும். எதிரணி வீரர்களின் பூட்ஸும் இன்றைய மென்மையான காலணி அன்று. கணுக்காலை மூடும் உயரமும், கெட்டியான முன்பகுதியும், அடியில் குமிழ்களும் கொண்ட கனத்த தோல் காலணி. அந்தக் காலணியோடு பாய்ந்து வரும் முன்கள வீரரிடமிருந்து, கணுக்காலில் துணிக்கட்டு மட்டுமே சுற்றிய வெறுங்காலால் பந்தைப் பறிப்பதே கோஷ்டா பாலின் அன்றாட வேலை.

முன்களத்தில் ஆடும் வெறுங்கால் வீரருக்குச் சில சாதகங்கள் உண்டு. காலணி இல்லாத கால் பந்தை நன்றாக உணரும், திரும்புவதும் எளிது. தெருவிலும் வயல்வெளியிலும் வெறுங்காலுடன் பந்து ஆடியவர்கள் இதை அறிவார்கள். ஆபத்தைக் கண்டால் முன்கள வீரர் பந்தை உடனே தட்டிவிட்டு விலகிவிடலாம். பின்கள வீரருக்கு அந்த வசதி இல்லை. மோதலை நோக்கி அவர்தான் செல்ல வேண்டும். ஒரு கணம் தாமதித்தால் எதிராளியின் காலணி பந்துக்குப் பதிலாக அவர் பாதத்தின் மீது விழும். ஒரு கணம் முந்தினால் எதிராளி பந்தைத் தட்டிக்கொண்டு கடந்துவிடுவார்.

ஆகவே வெறுங்கால் பின்கள வீரரின் பலம் என்பது வெறும் தசை வலிமை அன்று. எதிராளியின் கால் பந்திலிருந்து எப்போது விலகும் என்பதைக் கணிக்கும் திறனே அதன் அடிப்படை. தோளால் எதிராளியை நிறுத்தி, காலைப் பாதுகாத்து, பாதத்தின் மேற்புறத்தால் பந்தை நெடுந்தொலைவுக்கு அடித்து அனுப்ப வேண்டும். நல்ல உடற்கட்டும் வலுவான உதையும் கொண்ட கோஷ்டா பால் இந்தக் கலையில் தேர்ந்தவராக மதிக்கப்பட்டார். அவரைத் தாண்டிச் செல்ல இயலாத நிலையைக் குறிக்கும் வகையில், கல்கத்தாவின் ஆங்கிலப் பத்திரிகை உலகம் அவருக்குச் சீனப் பெருஞ்சுவர் என்ற பட்டப்பெயரைச் சூட்டியது. எதிர்த்தரப்பைச் சார்ந்த பத்திரிகைகளிடமிருந்து வந்த பட்டம் என்பதால், வங்காளிகள் அதைப் பெருமையுடன் தங்கள் மொழியில் பெயர்த்துக்கொண்டனர்.

மழை தீர்மானித்த இறுதி ஆட்டம்

கல்கத்தாவின் கால்பந்து பருவம் கோடையில் தொடங்கி மழைக்காலத்தில் உச்சம் பெறும். இந்தக் காலக்கணக்கு வெறுங்கால் அணிகளுக்குப் பாதகமாக அமைந்தது. தரை காய்ந்திருக்கும்போது ஐரோப்பிய அணிகளை வேகத்தால் திணறடித்த இந்திய வீரர்கள், சேற்றில் நிலைதடுமாறினர். குமிழ் வைத்த காலணி சேற்றில் ஊன்றி நிற்கும், வெறுங்கால் வழுக்கும். அதோடு, நீரில் ஊறிக் கனத்த பந்தை வெறுங்காலால் உதைப்பதும் கடினம்.

1921 முதல் 1926 வரை கோஷ்டா பால் மோகன் பகான் அணிக்குத் தலைமை தாங்கினார். அவரது தலைமையில், 1923-ஆம் ஆண்டு அணி ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்துக்கு முன்னேறியது. எதிரணி கல்கத்தா கால்பந்து கழகம். 1911-க்குப் பின் மீண்டும் ஷீல்டை வெல்லும் வாய்ப்பு கண்முன் இருந்தது. ஆனால் மழையில் நனைந்த மைதானத்தில் மோகன் பகான் 0-3 என்ற கணக்கில் தோற்றது. அதே ஆண்டில் பம்பாயில் நடைபெற்ற ரோவர்ஸ் கோப்பைப் போட்டியிலும் அணி இறுதி ஆட்டம் வரை சென்று, டர்ஹாம் லைட் இன்ஃபண்ட்ரி படைப்பிரிவிடம் தோல்வியடைந்தது.

இந்த இரு தோல்விகளும் பதிவேடுகளில் தோல்விகளாக மட்டுமே உள்ளன. எனினும், ராணுவத்தைச் சாராத இந்திய அணி ஒன்று நாட்டின் இரு பெரும் போட்டிகளிலும் ஒரே ஆண்டில் இறுதி ஆட்டத்தில் ஆடியது என்பதும் அதே பதிவேடுகளில் உள்ள செய்திதான். 1925-இல் சிம்லாவில் நடைபெற்ற டூராண்ட் கோப்பைப் போட்டியிலும் மோகன் பகான் பங்கேற்றது. அந்தக் கோப்பையை ஓர் இந்திய அணி முதன்முறையாக வெல்வதற்கு 1940 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு முகமதன் ஸ்போர்ட்டிங் அணி அதைக் கைப்பற்றியது.

விதி மாறியது, வேலையும் மாறியது

காலங்களை ஒப்பிடுவதில் உள்ள சிக்கலுக்கு கோஷ்டா பாலின் வாழ்க்கையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அவர் ஆடிக்கொண்டிருந்தபோதே, பின்கள வீரர்களை நேரடியாகப் பாதிக்கும் ஆஃப்சைடு விதி மாற்றப்பட்டது.

1925 வரை, பந்து முன்னோக்கி அனுப்பப்படும்போது தாக்கும் வீரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருக்க வேண்டும். அன்றைய அணிகள் இரண்டு பின்கள வீரர்கள், மூன்று இடைக்கள வீரர்கள், ஐந்து முன்கள வீரர்கள் என்ற முறையில் ஆடின. ஆகவே, பின்கள வீரர்களில் ஒருவர் துணிந்து முன்னேறினாலே எதிராளிகள் ஆஃப்சைடில் சிக்கிவிடுவர். கணிப்பு தவறினாலும் காப்பதற்கு இன்னொரு பின்கள வீரர் பின்னால் நிற்பார்.

1925-இல் மூவர் என்பது இருவர் எனக் குறைக்கப்பட்டது. இப்போது முன்னேறிச் செல்லும் பின்கள வீரரின் கணிப்பு தவறினால், பின்னால் கோல்கீப்பர் மட்டுமே மிஞ்சுவார். இதன் விளைவு இங்கிலாந்தின் முதல் பிரிவு லீக்கில் உடனே தெரிந்தது. 1924-25 பருவத்தில் 1,192-ஆக இருந்த மொத்த கோல்களின் எண்ணிக்கை, அடுத்த பருவத்தில் 1,703-ஆக உயர்ந்தது. இதைச் சமாளிக்க, இடைக்களத்தின் மைய வீரரைப் பின்னுக்கு இழுத்து மூன்றாவது பின்கள வீரராக நிறுத்தும் முறையை அங்குள்ள அணிகள் வகுத்தன. கல்கத்தாவில் இரண்டு பின்கள வீரர்கள் என்ற பழைய முறையே நீண்ட காலம் நீடித்தது.

விதி மாறியபோது கோஷ்டா பாலுக்கு வயது 29. பழைய விதியில் பயின்று வளர்ந்த அவர், கூடுதல் சுமையைத் தந்த புதிய விதியின் கீழ் மேலும் பத்தாண்டுகள் அதே இடத்தில் ஆடினார். ஒரே வீரர் இரு வேறு காலங்களில் ஆடியதற்கு நிகரானது இது.

பிறந்த மண்ணும் ஆடிய அணியும்

அதே 1925-ஆம் ஆண்டில் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. 1920-இல் தொடங்கப்பட்ட ஈஸ்ட் பெங்கால் அணி, இந்திய அணிகளுக்கான எண்ணிக்கைக் கட்டுப்பாட்டைக் கடந்து முதல் பிரிவுக்கு வந்தது. 1925 மே 28-ஆம் தேதி நடைபெற்ற முதல் லீக் மோதலில் ஈஸ்ட் பெங்கால் 1-0 என்ற கணக்கில் மோகன் பகானை வென்றது. இன்றுவரை தொடரும் பெரும் போட்டியின் தொடக்கம் அது.

ஈஸ்ட் பெங்கால், கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்களின் அணியாக அடையாளம் பெற்றது. கோஷ்டா பாலும் கிழக்கு வங்காளத்தில் பிறந்தவரே. ஆயினும் அவர் மோகன் பகானிலேயே தொடர்ந்தார். பிறந்த மண்ணைக் கொண்டு ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்த நகரில், இரு தரப்பினராலும் மதிக்கப்பட்ட பெயர்களில் ஒன்றாக அவரது பெயர் நிலைபெற்றதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

1933-ஆம் ஆண்டு இலங்கைக்குச் சென்ற இந்திய அணிக்கும் அவரே தலைமை தாங்கினார். நாட்டின் சார்பில் வெளிநாட்டு மண்ணில் கால்பந்து அணியை வழிநடத்திய முன்னோடிகளில் ஒருவராக அவர் இதனால் நினைவுகூரப்படுகிறார். கால்பந்து மட்டுமின்றி ஹாக்கியும் கிரிக்கெட்டும் ஆடியவர் அவர். கல்கத்தா கிரிக்கெட் கழகத்துக்கு எதிரான ஆட்டம் ஒன்றில் அவர் வேட்டி அணிந்து பந்துவீசியதாகவும், எதிரணியினர் அதற்கு எதிர்ப்புத் தெரிவித்ததால் ஆட்டம் நின்றுபோனதாகவும் கொல்கத்தா விளையாட்டு வட்டாரத்தில் இன்றும் சொல்லப்படுவது உண்டு.

பூட்ஸ் காலத்தின் வருகை

1930-களில் களம் வேகமாக மாறியது. சட்டமறுப்பு இயக்கத்தின் காரணமாக 1930-ஆம் ஆண்டின் லீக் போட்டி பாதியில் கைவிடப்பட்டது. 1934-இல் முகமதன் ஸ்போர்ட்டிங் அணி, கல்கத்தா லீக் பட்டத்தை வென்ற முதல் இந்திய அணியாயிற்று. 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அப்பட்டத்தைத் தக்கவைத்தது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து வீரர்களைத் திரட்டியதும், மழை பெய்து தரை நனைந்த நாட்களில் பூட்ஸ் அணிந்து ஆடியதும் அந்த அணியின் வெற்றிக்கான காரணங்களுள் குறிப்பிடத்தக்கவை.

1923-இன் மழை நாளில் மோகன் பகானுக்கு இல்லாமல் போன ஒன்றை முகமதன் ஸ்போர்ட்டிங் தன் வீரர்களுக்குத் தந்திருந்தது. ஐரோப்பிய அணிகளை வெல்ல முடியாததற்கு இந்தியர்களின் உடல் பலவீனம் காரணம் அல்ல என்பதும் அதன் மூலம் வெளிப்பட்டது.

1935-ஆம் ஆண்டு கோஷ்டா பால் ஆட்டத்திலிருந்து விடைபெற்றார். அப்போது அவருக்கு வயது 39-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. கல்கத்தா கால்பந்து கழகத்துக்கு எதிரான ஓர் ஆட்டத்தில், நடுவரின் முடிவுகள் ஒருதலைப்பட்சமானவை எனக் கருதி அவர் மைதானத்திலேயே படுத்து எதிர்ப்பைக் காட்டினார் என்றும், அந்த நிகழ்வே ஓய்வுக்கு வழிவகுத்தது என்றும் சொல்லப்படுகிறது. அவர் விலகி நான்கு ஆண்டுகள் கழித்து, 1939-இல், மோகன் பகான் தனது முதல் லீக் பட்டத்தை வென்றது. ஷீல்டு மீண்டும் அதன் வசமானது 1947-இல்.

வெறுங்கால் காலத்தின் முடிவு

கோஷ்டா பாலுக்குப் பின்னர் மோகன் பகான் பின்களத்தில் புகழ்பெற்றவர் சைலேன் மன்னா. 1948-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடிய இந்திய அணியில் அவரும் இருந்தார். பிரான்ஸ் அணியிடம் 1-2 என்ற கணக்கில் இந்தியா தோற்ற அந்த ஆட்டத்தில், ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோலை சாரங்கபாணி ராமன் அடித்தார். 1951-இல் புதுடெல்லியில் நடைபெற்ற முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில், மன்னா தலைமையில் இந்தியா தங்கம் வென்றது.

ஓராண்டு கழித்து நிலைமை தலைகீழானது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் இந்தியா 1-10 என்ற கணக்கில் தோற்றது. குளிர் நாட்டின் மைதானத்தில் வெறுங்கால் ஆட்டம் எடுபடவில்லை. அதைத் தொடர்ந்து, வீரர்கள் பூட்ஸ் அணிவதை அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் கட்டாயமாக்கியது. பூட்ஸ் அணிந்த தலைமுறை, 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடத்தையும், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கத்தையும் பெற்றது. சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி ஆகியோரின் பெயர்கள் அந்தத் தலைமுறைக்கு உரியவை.

ஒப்பீட்டின் எல்லை

கோப்பைகளை மட்டும் எண்ணினால் கோஷ்டா பால் பட்டியலின் அடியில் இருப்பார். ஜகார்த்தா தங்கம் அவரிடம் இல்லை, லீக் பதக்கம் இல்லை, ஷீல்டும் இல்லை. ஆனால் 1962 அணிக்குக் கிடைத்த காலணியும் பயிற்சியாளரும் பன்னாட்டு அனுபவமும் அவருக்குக் கிடைக்கவில்லை. அதேபோல், பின்னால் வந்தவர்கள் வெறுங்காலுடன் ராணுவ அணிகளைச் சேற்றில் எதிர்கொள்ளவும் இல்லை. ஒருவரை மற்றவரின் மைதானத்தில் நிறுத்திக் கற்பனை செய்யும்போது, அந்த ஒப்பீடு வீரர்களைவிட அவர்கள் காலத்து வசதிகளையே அளக்கிறது.

மற்ற விளையாட்டுகளிலும் இதே நிலைதான். கூடைப்பந்தாட்டத்தில் வில்ட் சேம்பர்லின் 1962 மார்ச் 2-ஆம் தேதி ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் குவித்தபோது, அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டிகளில் மூன்று புள்ளிக் கோடு இல்லை. அது 1979-இல்தான் வந்தது. பந்துடன் நகரும் வீரரைக் கையால் தடுத்து நிறுத்தும் வழக்கம் 2004-05 பருவம் முதல் கண்டிப்புடன் கட்டுப்படுத்தப்பட்டது. அதற்கு முன் புள்ளி குவித்தவரும் அதற்குப் பின் குவித்தவரும் ஒரே தடையைத் தாண்டியவர்கள் அல்லர். பில் ரசல் 11 பட்டங்களை வென்றவர். ஆனால் அவர் ஆடத் தொடங்கியபோது அந்தப் போட்டியில் எட்டு அணிகளே இருந்தன. இன்று 30 அணிகள் உள்ளன.

எனவே, தன் காலம் முன்வைத்த சிக்கலை ஒருவர் எவ்வளவு சிறப்பாகத் தீர்த்தார் என்பதே வெவ்வேறு காலத்து வீரர்களுக்குப் பொதுவாக வைக்கக்கூடிய கேள்வி. கோஷ்டா பாலின் முன் இருந்த சிக்கல், காலணி அணிந்த எதிராளியை வெறுங்காலால் நிறுத்துவது. அதை அவர் ஓரிரு ஆட்டங்களில் அல்லாமல் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்தார். பூட்ஸ் ஒரு வசதி மட்டுமே. வீரத்தின் அடையாளம் அன்று என்பதை அவரது ஆட்டமே காட்டியது. அடுத்த தலைமுறை அந்த வசதியையும் பெற்றபோது கோப்பைகள் வந்து சேர்ந்தன.

நினைவும் மதிப்பும்

1962-ஆம் ஆண்டு மத்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது. இந்தியக் கால்பந்து வீரர் ஒருவர் இவ்விருதைப் பெறுவது அதுவே முதன்முறை. பூட்ஸ் அணிந்த இந்திய அணி ஜகார்த்தாவில் தங்கம் வென்றதும் அதே ஆண்டில்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

1976-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கோஷ்டா பால் தமது 79-ஆவது வயதில் காலமானார். 1984-இல் கொல்கத்தா மைதான் பகுதியில், ஈடன் தோட்டத்துக்கு அருகே அவருக்குச் சிலை நிறுவப்பட்டது. அப்பகுதியில் உள்ள சாலையும் அவரது பெயரைத் தாங்கியுள்ளது. 1998-இல் இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாகத் தபால் தலை வெளியிட்டது. 2004-இல் மோகன் பகான் கழகம், தனது உயரிய விருதான மோகன் பகான் ரத்னாவை அவருக்கு மறைவுக்குப் பின் வழங்கியது.

ஐரோப்பியர்களின் கழகமாகத் தொடங்கிய கல்கத்தா கிரிக்கெட் மற்றும் கால்பந்து கழகம், இன்று பாலிகஞ்சில் கொல்கத்தாவாசிகளின் கழகமாகத் தொடர்கிறது. கோஷ்டா பாலின் அணியைச் சேற்றில் வீழ்த்திய கழகத்தின் பெயரும் அந்த மைதானத்தின் வாயிலில்தான் நிலைத்திருக்கிறது. இன்று அந்தப் புல்வெளியில் பூட்ஸ் அணிந்து பந்தை உதைப்பவர்களும், அவர்களைப் பூட்ஸ் அணிந்து தடுப்பவர்களும் இந்தியர்களே.